அப்பாவுக்கு ஹேரி செல் லுகேமியா: மருந்தடித்ததால் வந்ததா?

ஏரிக்கரை | 14 ஜூன், இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பாவுக்கு வயது 61. திருவாரூர் பக்கம் ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) சொந்த நிலம், மூன்று மா குத்தகை. நெல் அறுத்த பிறகு கோடையில் பருத்தி. போன தீபாவளியிலிருந்தே களைப்பு என்றார். இடது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டிவிட்ட மாதிரி கனம், இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடுகிறது என்றார். அல்சர் மாத்திரையிலேயே நான்கு மாதம் ஓடிவிட்டது. காய்ச்சல் விடாமல் வந்ததும் ரத்தம் எடுத்தால் ஹீமோகுளோபின் 7.8, வெள்ளை அணு 1,900, தட்டணு 54,000. ஸ்கேனில் மண்ணீரல் 21 செ.மீ. எலும்பு மஜ்ஜை எடுக்க ஊசி போட்டார்கள், ஒரு சொட்டு வரவில்லை. பிறகு எலும்பைத் துண்டாக எடுத்துப் பார்த்துத்தான் ஹேரி செல் லுகேமியா என்றார்கள். ரத்தப் புற்றுநோய்களில் இருப்பதிலேயே நல்ல வகை, பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். சரி, நம்புகிறேன்.

என் கேள்வி வேறு. அப்பா நாற்பது வருடம் மருந்தடித்தவர். மோனோகுரோட்டோபாஸ், தடை வருவதற்கு முன் எண்டோசல்ஃபான், இப்போது கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் என்னென்னவோ. முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. 2012இல் என் முதல் சம்பளத்தில் பவர் ஸ்ப்ரேயர் வாங்கிக் கொடுத்தவன் நான். கைத்தெளிப்பானில் அடித்து அடித்துத் தோள் போய்விட்டது என்று சொன்னதால் வாங்கினேன். அது புகை மாதிரி அடிக்கும், காற்று திரும்பினால் ஆள் முழுக்க நனைந்துவிடுவார். அது வந்த பிறகு அக்கம்பக்கத்து வயல்களுக்கும் டேங்க் கணக்கில் கூலிக்கு அடிக்கப் போனார்.

அதனால்தான் வந்ததா? எனக்கும் தம்பிக்கும் வருமா?


மண்புழு | 15 ஜூன், காலை 6:12

இதில் கேட்க என்ன இருக்கிறது தம்பி? பஞ்சாபில் பட்டிண்டாவிலிருந்து பிகானேர் போகிற ரயிலுக்கு ஜனங்கள் வைத்த பெயரே கேன்சர் ரயில். வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியைத் தெளித்த அமெரிக்கா, தன் முன்னாள் சிப்பாய்களுக்கு இதே ஹேரி செல் நோய் வந்தால் நிவாரணம் தருகிறது. சம்பந்தம் இல்லாமலா தருவான்? அவன் சிப்பாய்க்கு நஷ்டஈடு, நம் விவசாயிக்கு அல்சர் மாத்திரை.


சும்மா_வந்தேன் | 15 ஜூன், காலை 9:30

பீடி சிகரெட் குடிப்பவர்களுக்கு இந்த நோய் குறைவாக வருகிறது என்று எங்கோ படித்தேன். நிஜமா? நிஜமென்றால் வீட்டில் காட்ட வேண்டும் 😀


ஸ்லைடு_அண்ணாச்சி | 15 ஜூன், மதியம் 1:05

ஏரிக்கரை தம்பி, நான் டாக்டர் இல்லை. 22 வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பும் நானுமாக இருக்கிறேன். அந்த 22 வருடத்தில் இந்த நோயை என் கண்ணால் பார்த்தது நான்கே தடவை.

செல்லின் ஓரம் நைந்த துணி மாதிரி இருக்கும். சுற்றிலும் நூல் நூலாகப் பிரிந்து நிற்கும், அதனால்தான் ஹேரி செல் என்ற பெயர். உள்ளே வெளிறிய சாம்பல் நீலம், நடுவில் அவரை விதை மாதிரி மையக்கரு. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. பார்ப்பதற்குள்தான் சிக்கல். ஸ்லைடு முழுக்கத் தேடினால் ஐந்தோ ஆறோதான் கிடைக்கும். எண்ணும் மெஷினோ இதை மோனோசைட் என்ற வேறு வகை வெள்ளை அணுவின் கணக்கில் சேர்த்துவிடும். உண்மையில் இந்த நோயில் மோனோசைட் ஏறக்குறைய காணாமலே போய்விடும். என்னிடம் வந்த முதல் கேஸில் மெஷின் தாளில் மோனோசைட் நார்மல் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு நானே ஸ்லைடை ஓரமாக வைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அதே ஆள் நிமோனியாவோடு வந்தார். அது இன்னும் உறுத்துகிறது.

மஜ்ஜையில் ஒரு சொட்டு வரவில்லை என்றீர்களே, ஊசி போட்டவர் மேல் தப்பில்லை. இந்த நோயில் மஜ்ஜைக்குள் நார் வலை பின்னிக்கொள்ளும், உறிஞ்சினால் வராது. 'ட்ரை டேப்' என்போம்.

இன்னொன்று. ஆசியர்களுக்கு இந்த நோய் குறைவு என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. இருக்கலாம். ஆனால் எத்தனை பேர் அல்சர் மாத்திரையோடே போய்ச் சேர்ந்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.


இரவுப்பணி | 16 ஜூன், அதிகாலை 3:20

ரத்தவியல் வார்டில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வார்த்தை விஷயம். நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் அம்சத்தை 'ரிஸ்க் ஃபேக்டர்' என்பார்கள். அதை நாம் 'காரணம்' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். அங்கேதான் இந்த இழையே தடம் மாறுகிறது. ஆயிரம் பேரை வைத்துப் பேசும்போது உபயோகமாகிற கணக்கு அது. ஒரே ஒரு அப்பாவை வைத்துப் பேசும்போது கையை விரித்துவிடும்.

கணக்கையே பாருங்கள். மேலை நாடுகளில் இந்த நோய் வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் மூன்று பேருக்கு வருகிறது. லுகேமியா வகை ரத்தப் புற்றுநோய்களில் 2 சதவீதம்தான். இவ்வளவு அரிதான நோய்க்கு ஆள் சேர்த்து ஆராய்ச்சி செய்வதே பெரும்பாடு. 2014இல் இன்டர்லிம்ஃப் என்ற கூட்டமைப்பு ஆறு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்தும் கிடைத்த நோயாளிகள் 154 பேர். அதில் விவசாயிகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல் என்று தெரிந்தது. இரண்டு மடங்கு என்றதும் நெஞ்சு பதறும். பத்து லட்சம் பேரில் மூன்று பேருக்கு வருவது, பத்து லட்சம் விவசாயிகளில் ஆறு பேருக்கு வரும். அவ்வளவுதான் அதன் பொருள். அந்த ஆறு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, இந்த மூவருக்கு வயலால் வந்தது, இந்த மூவருக்கு வயலுக்கே போகாவிட்டாலும் வந்திருக்கும் என்று பிரித்துச் சொல்லும் பரிசோதனை எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. உங்கள் அப்பா எந்த மூவரில் ஒருவர் என்று கேட்டால், காசைச் சுண்டிப் போட்டுப் பார்க்கிற கதைதான்.

விவசாயி என்றால் பூச்சிமருந்து மட்டுமும் இல்லை. மாடு, தூசி, டீசல் புகை, உரம் எல்லாம் அதற்குள் அடக்கம். பிரான்சில் 1990களில் செய்த ஆய்வு ஆர்கனோபாஸ்பரஸ் என்ற பூச்சிமருந்து வகையைச் சுட்டிக்காட்டியது, அதுவும் புகைபிடிக்காதவர்களிடம். மோனோகுரோட்டோபாஸ் அந்த வகைதான். எண்டோசல்ஃபான் வேறு வகை. ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் மேலை நாட்டு விவசாயிகள். வெறுங்காலோடு பருத்திக்குள் நடந்து அடிப்பவரை வைத்து அந்தக் கணக்கு போடப்படவில்லை.

பீடி விஷயம் நிஜம். புகைபிடிப்பவர்களிடம் இந்த நோய் குறைவு என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் சொல்கின்றன. ஏன் என்று யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. சும்மா_வந்தேன் சார், வீட்டில் காட்டும்போது இதையும் சேர்த்துக் காட்டுங்கள்: அதே பீடி, அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற வேகமான ரத்தப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டுகிறது, நுரையீரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பத்து லட்சத்தில் மூன்றைக் குறைக்க ஆயிரங்களைக் கொடுக்கும் வியாபாரம்.

இருப்பதிலேயே வலுவான ரிஸ்க் ஃபேக்டர் எது தெரியுமா? ஆணாக இருப்பது. ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற விகிதத்தில் வருகிறது. அடுத்தது வயது. ஐம்பதுகளில்தான் அதிகம், குழந்தைகளுக்கு அநேகமாக வருவதே இல்லை. இரண்டையும் என்ன செய்ய முடியும்?


மண்புழு | 16 ஜூன், காலை 7:45

டாக்டர் சார், அழகாக எழுதினீர்கள். கடைசியில் மருந்துக் கம்பெனியைத் தப்பிக்க விட்டுவிட்டீர்கள். காசு சுண்டுகிற கதை என்றால் அமெரிக்கா எதற்குப் பணம் கொடுக்கிறது? அதற்குப் பதில் சொல்லவில்லையே.


இரவுப்பணி | 16 ஜூன், இரவு 10:15

நியாயமான கேள்வி. அந்த முடிவைப் படித்தால் உங்கள் கட்சிக்கும் என் கட்சிக்கும் இரண்டுக்குமே அதில் இடம் இருக்கிறது.

1962 முதல் 1971 வரை வியட்நாமில் களைக்கொல்லி தெளித்தார்கள். ஏஜென்ட் ஆரஞ்சு என்பது 2,4-டி, 2,4,5-டி என்ற இரண்டின் கலவை. இரண்டாவதைத் தயாரிக்கும்போது டயாக்சின் என்ற நச்சு கலந்துவிட்டது, வில்லன் பெரும்பாலும் அதுதான். 2010இல் அமெரிக்கப் படைவீரர் நலத்துறை ஹேரி செல் லுகேமியாவைத் தன் பட்டியலில் சேர்த்தது. வியட்நாமில் பணியாற்றியவருக்கு இந்த நோய் வந்தால், அதனால்தான் வந்தது என்று அவர் நிரூபிக்கத் தேவையில்லை, நாங்களே அப்படி எடுத்துக்கொள்கிறோம் என்றது. அதாவது யாருக்குக் களைக்கொல்லியால், யாருக்குத் தற்செயலால் என்று பிரிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டு, சந்தேகத்தின் பலனை நோயாளிக்குக் கொடுத்தார்கள். அது சட்டத்தின் தீர்ப்பு, மைக்ராஸ்கோப்பின் தீர்ப்பு அல்ல.

நம் ஊர் விவசாயிக்கு அந்தப் பலனை யாரும் கொடுக்கவில்லை என்று நீங்கள் கோபப்பட்டால், நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் பருத்திக்கு அடிப்பது பூச்சிக்கொல்லி, அங்கே தெளித்தது டயாக்சின் கலந்த களைக்கொல்லி. இரண்டையும் ஒன்றாக்கினால் நாளைக்கு ஒரு கம்பெனி வக்கீல் உங்களை ஐந்து நிமிடத்தில் மடக்கிவிடுவார்.


மலைச்சாரல் | 17 ஜூன், மதியம் 2:50

ஆணுக்கு நாலு மடங்கு என்றதும் எனக்கு ஒரு கேள்வி. மருந்தடிப்பது ஆண்கள். ஆனால் அடித்த மறுநாள் அதே பருத்திக்குள் குனிந்து களையெடுப்பதும், வெறுங்கையால் பஞ்செடுப்பதும் நாங்கள். எங்களை யாரும் விவசாயி என்று எழுதிக்கொள்வதில்லை, ரேஷன் கார்டிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் 'இல்லத்தரசி'. பெண்களுக்குக் குறைவு என்பது இப்படிக் கணக்கில் விட்டதால் வந்ததோ?


இரவுப்பணி | 17 ஜூன், இரவு 11:00

அக்கா, இந்தக் கேள்வியை ஆராய்ச்சிக்காரர்கள் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். தொழிலைத் தப்பாக எழுதினால், விவசாயத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு மங்கிப்போகும் என்பது உண்மை. ஆனால் ஆண் பெண் விகிதம் அதனால் மாறாது. விவசாயிகள் மிகக் குறைவாக இருக்கும் மேலை நாடுகளிலும் அதே நான்குக்கு ஒன்றுதான்.


ஏரிக்கரை | 18 ஜூன், இரவு 9:25

எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 'நூல் நூலாவா இருக்கு? பருத்திக்காரனுக்குப் பொருத்தமாத்தான் வந்திருக்கு' என்று சிரித்தார்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். சித்தி வீட்டில் குழந்தைகளை அப்பா பக்கத்தில் விடுவதில்லை. யாரோ இது வைரஸால் வருவது என்று சொல்லிவிட்டார்களாம். ஒட்டுமா? தம்பி இன்னொரு பக்கம், எனக்கும் மரபணு டெஸ்ட் எடுங்கள் என்று நிற்கிறான்.


இரவுப்பணி | 19 ஜூன், அதிகாலை 2:40

ஒட்டாது. குழந்தைகள் தாராளமாக மடியில் உட்காரலாம். அப்பாவின் வெள்ளை அணு இருக்கும் லட்சணத்துக்கு, சளி பிடித்த குழந்தையிடமிருந்து அவரைத்தான் காப்பாற்ற வேண்டும்.

வைரஸ் கதைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1982இல் எச்.டி.எல்.வி-2 என்ற வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது ஒரு ஹேரி செல் நோயாளியின் செல்களிலிருந்துதான். கள்ளன் அகப்பட்டான் என்று நினைத்தார்கள். பிறகு மற்ற நோயாளிகளிடம் தேடினால் வைரஸே இல்லை, அந்தச் சந்தேகம் விழுந்துவிட்டது. அந்த நோயாளி ஜான் மூர். கலிபோர்னியாவில் அவருடைய மண்ணீரலை எடுத்து, அவரிடம் சொல்லாமலே அதிலிருந்து ஆய்வகத்தில் ஓயாமல் பெருகும் செல் வரிசை வளர்த்துக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். வழக்கு 1990இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. உடலை விட்டுப் போன செல்லுக்கு நீ சொந்தக்காரன் இல்லை, ஆனால் டாக்டர் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. இழைக்கு வெளியேதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தம்பிக்கு: டெஸ்ட் வேண்டாம். 2011இல் இத்தாலியின் பெரூஜியா நகரத்துக் குழு 48 நோயாளிகளைப் பார்த்தது. 48 பேரிடமும் ஒரே பிழை. பிராஃப் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, அதன் புரதத்தின் 600ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளுட்டமேட் என்ற இன்னொன்று உட்கார்ந்திருந்தது. இந்தப் பிழை அப்பா அம்மாவிடமிருந்து வருவதல்ல. பிறந்து வளர்ந்து எத்தனையோ வருடம் கழித்து, ஏதோ ஒரே ஒரு ரத்தச் செல்லில் நடந்தது. விந்துவிலோ முட்டையிலோ இல்லாததைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. ஒரே குடும்பத்தில் இருவருக்கு வந்ததாக எழுதப்பட்டவை உலகம் முழுக்கச் சேர்த்தாலும் வெகு சில.

இன்னொரு வேடிக்கை. நம் தோலில் இருக்கும் சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றில் இதே பிழைதான். உங்கள் தம்பியின் கையில் மச்சம் இருந்தால் அதிலும் இருக்கலாம். எந்தப் பூச்சிமருந்தும் அடிக்காமல், சும்மா நடக்கிற எழுத்துப்பிழை. மச்சத்தில் நடந்தால் அழகு, பி செல் என்ற வெள்ளை அணுவில் நடந்தால் இது.


சித்தர்வழி | 19 ஜூன், காலை 8:00

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]


நிர்வாகி | 19 ஜூன், காலை 8:20

48 நாளில் சாறு குடித்து ரத்தப் புற்றுநோய் போகும் என்று தொலைபேசி எண்ணோடு எழுதினால் இங்கே நிற்காது. இது மூன்றாவது தடவை.


ஸ்கார்பரோக்காரன் | 19 ஜூன், இரவு 7:30

தம்பி, நான் கனடாவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். எனக்கு இதே வருத்தம் 2014இல் வந்தது, அப்போது வயது 49. தொழில் கணக்காளர். நான் பிடித்த ஒரே ஸ்ப்ரே கண்ணாடி துடைக்கிறது.

கண்டுபிடித்தவுடன் நானும் உங்களைப் போலத்தான், நித்திரை இல்லாமல் காரணம் தேடினேன். சின்னனில் அப்பாவின் வெங்காயத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும்போது பக்கத்தில் நின்றது ஞாபகம் வந்தது. உடனே, ஓம், அதுதான் என்று முடிவுகட்டினேன். பிறகு மனுசி கேட்டாள்: 'உங்கட ரெண்டு அண்ணன்மாரும்தானே நின்றவை? அவையளுக்கு ஏன் வரேல்ல?' பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் இதே நோயோடு நான் சந்தித்த ஒரே ஆள் ஒரு பியானோ ஆசிரியர்.

உபயோகமான விஷயம் சொல்கிறேன். எனக்குக் கிளாட்ரிபின் என்ற மருந்து ஐந்து நாள், தினம் இரண்டு மணித்தியாலம். ஏறுகிறபோது ஒன்றும் தெரியாது. இரண்டாம் கிழமைதான் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் படுத்தேன். அந்த நேரத்தில் வீட்டில் வெப்பமானி கட்டாயம். 38 தாண்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், இரவென்றாலும் வெளிக்கிடுங்கள். இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் கதிர்வீச்சுக் கொடுத்த இரத்தம்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பத்து வருசத்துக்கு மேலாகிறது, மருந்து திரும்பத் தேவைப்படவில்லை.


இரவுப்பணி | 19 ஜூன், இரவு 11:50

சிவப்பு மையில் அடிக்கோடு போட வேண்டிய பதிவு. நம் ஊருக்கு ஒன்று சேர்க்கிறேன்: கிளாட்ரிபினுக்கு முன் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் மோனோசைட் இல்லாததால் காசநோய்க் கிருமி குடும்பத்துக்குக் கொண்டாட்டம். விடாத காய்ச்சல் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

1958இல் ஒஹாயோவில் பெர்த்தா பூரொங்கிள் என்ற பெண் மருத்துவர் 26 நோயாளிகளை வைத்து இதைத் தனி நோய் என்று முதலில் விவரித்தபோது, மண்ணீரலை எடுப்பதைத் தவிரப் பெரிதாக வழி இல்லை. 1990இல் கலிபோர்னியாவில் கிளாட்ரிபின் கொடுத்த முதல் 12 பேரில் 11 பேருக்கு நோய் முழுக்க அடங்கியது. உங்கள் டாக்டர் 'நல்ல வகை' என்றது ஆறுதலுக்குச் சொன்னதில்லை.


ஏரிக்கரை | 3 டிசம்பர், இரவு 10:30

ரொம்ப நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். காசநோய் இல்லை என்று வந்த பிறகு ஜூலையில் ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல், இரவு ஒன்றரை மணிக்கு வண்டி பிடித்து ஓடினோம். ஸ்கார்பரோ அண்ணன் சொன்னது காதில் இருந்ததால்தான் விடியட்டும் என்று இருக்கவில்லை. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. இப்போது ஹீமோகுளோபின் 12.6, தட்டணு 1,70,000, மண்ணீரல் கைக்கு அகப்படவில்லை. போன வாரம் மஜ்ஜை எடுத்தார்கள், இந்தத் தடவை ஊசியில் வந்தது! ஹேரி செல் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

ஸ்ப்ரேயர் விஷயத்தை ஒருநாள் அப்பாவிடமே கேட்டுவிட்டேன். நான் வாங்கிக் கொடுத்ததால்தான் ஆச்சோ என்று. சற்று நேரம் என்னையே பார்த்தார். 'நீ பொறக்கறதுக்கு முன்னாடி எங்கப்பா வாளியில மருந்தக் கரைச்சு, கையால கலக்கி, வேப்பங்கொத்துல தோச்சு அடிக்கச் சொல்வாரு. முழங்கை வரைக்கும் வெள்ளையா இருக்கும். அதோட வந்து சோறு திம்போம். நீ என்னமோ மிஷின் வாங்கிக் குடுத்தத சொல்ற' என்றார். அப்புறம் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

டாக்டர் இனிமேல் மருந்தடிக்கக் கூடாது என்றுவிட்டார். மிஷின் மாட்டுக்கொட்டகையில் சாக்கு போட்டு மூடிக் கிடக்கிறது. சித்தப்பா பருத்திக்கு இரவல் கேட்கிறார். என்ன சொல்ல?


மண்புழு | 4 டிசம்பர், காலை 5:55

அப்பா தேறியதில் ரொம்ப சந்தோஷம் தம்பி.

கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கொடுக்காவிட்டால் அவர் வேறு இடத்தில் வாங்கி வெறும் உடம்போடு அடிப்பார், அதுவும் தெரியும். கொடுக்கிறதாக இருந்தால் முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி, முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ் சேர்த்துக் கொடுங்கள். டேங்கில் கலக்கும்போதுதான் மருந்து கெட்டியாகக் கையில் படும், அப்போது கட்டாயம் போடச் சொல்லுங்கள். மூக்கில் துண்டு கட்டிவிட்டுக் கையை விட்டுவிடுவார்கள், தோல் வழியாகத்தான் அதிகம் உள்ளே போகும். காற்றுக்கு எதிரே அடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.


மலைச்சாரல் | 4 டிசம்பர், காலை 9:10

அடித்த வயலுக்குள் களையெடுக்க ஆளை எப்போது இறக்கலாம் என்று டப்பாவில் போட்டிருப்பான். அதையும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.